கூப்பிடாத நேரம்

“எழுந்து போகலாம்னு மெசேஜ் போட்டிருக்கான் பாரு. போனா அப்படியே நம்பரைத் தூக்கிருவான்” என்று பின்வரிசையில் ஓர் ஆண்குரல் சொன்னது. “அதுக்குத்தானே. நம்மளை வெளியே அனுப்பிட்டுத் தெரிஞ்சவங்களை உள்ளே விடுவாங்க” என்றது இன்னொரு குரல், ஊரில் நடப்பதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த குரல். செண்பகவல்லி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் முகமே சொல்லிவிடும் என்று பயம், அவள் முகம் அப்படி, வகுப்பில் சாக்பீஸ் எறிந்தது யார் என்று டீச்சர் கேட்டால் எறியாத அவள்தான் சிவந்துபோவாள். அதனால் எதிர்ச்சுவரில் டோக்கன் எண்கள் மாறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மா. அம்மாவின் மடியில் பிளாஸ்டிக் ஃபைல், ஃபைலின் மேல் கைப்பை, கைப்பையின் மேல் போன், போனின் மேல் இரண்டு கைகள். அந்தப் போனுக்கும் அதே செய்தி வந்திருந்தது. அம்மா அதை உதடு அசைய மெதுவாகப் படித்தாள், படித்துவிட்டுத் திரையைப் பார்த்தாள், கைகளைத் திரும்ப எடுத்து அதே இடத்தில் வைத்துக்கொண்டாள். ‘இப்போது நீங்கள் எழுந்து போகலாம். அரை மணி நேரத்துக்கு உங்களைக் கூப்பிட மாட்டோம். உங்கள் இடம் உங்களுக்கே.’ அதில் ஒவ்வொரு சொல்லும் செண்பகவல்லி போட்டது. ‘வெளியே செல்ல அனுமதிக்கப்படுகிறீர்கள்’ என்று யாரோ மாற்றியிருந்ததை இரண்டு முறை திரும்ப மாற்றி வைத்தவளும் அவள்தான். அவள் வேலை பார்க்கும் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறது, இந்த ஆஸ்பத்திரியும் அதை வாங்கியிருக்கிறது, இன்று காலையில்தான் இந்தச் செய்தி முதல்முதலாக ஆட்களுடைய போனுக்குப் போகிறது. அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. மகள் கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறாள், சம்பளம் வருகிறது, கண் கெட்டுப்போகிறது, அவ்வளவு தெரியும். சற்று முன்னால் கூடம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போன்கள் சிணுங்கின. தலைகள் குனிந்தன, நிமிர்ந்தன. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

சர்க்கரை நோய்ப் பிரிவு இது, இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் அடிக்கடி போக வேண்டும், எல்லோருக்கும் தாகம் எடுக்கும், கழிப்பறை வராந்தாவின் கோடியில் இருக்கிறது, அங்கே கூப்பிடுகிற சத்தம் கேட்காது. இதைக் கட்டியவர்களுக்கு இது தோன்றவில்லை. செண்பகவல்லிக்குக் கால்களைப் பார்க்கிற பழக்கம், கூச்சப்படுகிறவர்கள் மனிதர்களைக் காலிலிருந்துதான் தெரிந்துகொள்கிறார்கள், முகத்துக்கு வருவதற்கு நாளாகும். முன்வரிசையில் வெள்ளை வேட்டிக்காரர் முழங்காலை விடாமல் ஆட்டுகிறார். அவருக்கு அடுத்து பச்சைப் புடவை, கணுக்காலைக் கணுக்காலோடு பின்னி இறுக்கியிருக்கிறாள், விரல்கள் வெளுத்துவிட்டன. எல்லோர் பக்கத்திலும் தண்ணீர் பாட்டில் இருக்கிறது, எல்லாம் கழுத்துவரை நிறைந்திருக்கிறது, குடிக்கக் கொண்டுவந்ததில்லை, மயக்கம் வந்தால் இருக்கட்டும் என்று கொண்டுவந்தது. அம்மாவின் பாட்டிலும் அப்படித்தான். போன வருஷம் ஒரு நாள் அம்மா எழுந்து போனாள். அன்றைக்கு செண்பகவல்லி போனில் ஆபீஸ் மீட்டிங் கேட்டுக்கொண்டிருந்தாள், காதில் மாட்டிய கருவியில் யாரோ எதையோ ‘க்ளோஸ்’ பண்ணச் சொல்ல, இங்கே அட்டெண்டர் அம்மாவின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டதைக் கேட்கவில்லை. மூன்று தரம் கூப்பிட்டு ஆள் இல்லையென்றால் கடைசிக்குப் போய்விடும். அம்மா திரும்பி வந்தபோது புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள், கூப்பிட்டுட்டாங்களா என்று சிரித்தபடி கேட்டாள், அட்டெண்டர் சொன்னதைக் கேட்டதும் அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலம்வரை உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை மகளைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிற நாளுக்கு முந்தின ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். வந்தால் எழுந்திருக்க மாட்டாள். “எனக்கு ஒண்ணும் வரலட்டி” என்பாள். வந்திருக்கிறது என்பது கால் கட்டைவிரலில் தெரியும், செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டுக் கட்டைவிரலால் தரையை அழுத்துவாள், இப்போதும் அழுத்துகிறாள், தரையில் ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்பதுபோல.

யாராவது ஒருவர். ஒரே ஒருவர் எழுந்து போய்விட்டு வந்து, தன் இடம் அப்படியே இருப்பதைப் பார்த்தால் போதும், அப்புறம் எல்லோரும் போவார்கள். வேட்டிக்காரரே, நீங்கள் போங்களேன். செண்பகவல்லி மனசுக்குள் அவரைக் கெஞ்சினாள். அவர் நிமிர்ந்தார், கையை நாற்காலிப் பிடியில் ஊன்றினார், வேட்டியைச் சரிசெய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தார். ஒருவேளை பின்வரிசைக்காரன் சொல்வதுதான் சரியோ, ஏதாவது தப்பு இருந்து உண்மையிலேயே நம்பர் போய்விடுமோ. அவள் கணக்கை மனசுக்குள் திரும்ப ஓட்டினாள், இதோடு எத்தனையாவது தரம் என்று அவளுக்கே தெரியாது. டாக்டர் வேகமாகப் பார்த்தால்? பூட்டு இருக்கிறது, அரை மணிக்குள் அந்த எண்ணைத் திரையே காட்டாது. இரண்டு பேர் வராமல் போனால்? அதற்கும் கணக்குப் போட்டிருக்கிறாள். டாக்டர் சாப்பிடப் போனால்? அங்கே ‘பசி’ இருக்கிறது. பசி என்று நினைத்ததும் ஜெசிந்தா வந்துவிட்டாள். ஜெசிந்தாவை செண்பகவல்லி பார்த்ததில்லை. அவள் சேர்வதற்குப் பல வருஷம் முன்பே ஜெசிந்தா வேலையை விட்டுப் போயிருந்தாள், கல்யாணமாகிப் போனாள் என்பார்கள், படிக்கப் போனாள் என்பார்கள், பாதிரியார் ஒருவரிடம் சண்டை போட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டாள் என்று ஒரு கதை உண்டு. ஆனால் ஆபீஸில் ஒவ்வொரு ப்ரோக்ராம் ஃபைலின் தலையிலும் அவள்தான் இருக்கிறாள். ஏனென்றால் அங்கே யாரும் எதையும் புதிதாக எழுதுவதில்லை. புதிதாக ஒன்று வேண்டுமென்றால், அதற்குக் கிட்டத்தில் இருக்கும் பழைய ஃபைலைப் பிரதி எடுப்பார்கள், பெயரை மாற்றுவார்கள், நாலு இடத்தில் வெட்டுவார்கள், இரண்டு இடத்தில் ஒட்டுவார்கள். உச்சியில் ‘எழுதியவர்: ஜெசிந்தா’ என்று ஆங்கிலத்தில் இருக்கும் வரியை மாற்ற மறந்துவிடுவார்கள். எல்லோரும் மறப்பார்கள். பக்கத்து சீட் தௌஃபீக் ஒரு நாள் எண்ணிப் பார்த்துவிட்டு, “ஏய் செண்பா, நேத்திக்குக்கூட ஜெசிந்தா மூணு ஃபைல் எழுதியிருக்காங்க. நம்மளைவிட நல்லா வேலை பாக்குறாங்க, அப்ரைசல் போட்டுரலாமா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் அன்று மதியம் முழுக்க அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாடகை வீட்டுச் சுவரில் முன்பு குடியிருந்தவர்கள் அடித்துவிட்டுப் போன ஆணியைப் பார்ப்பதுபோல.

ஜெசிந்தாவின் கையெழுத்தைப் பார்த்ததில்லை, ஆனால் அவள் எழுதியது எது, பிறர் ஒட்டியது எது என்று செண்பகவல்லியால் சொல்ல முடியும். ஜெசிந்தா எழுதிய இடங்கள் மூச்சுவிடும். டாக்டர் சாப்பிடப் போகும் இடைவேளைக்கு எல்லோரும் நீளமாக ஆங்கிலப் பெயர் வைப்பார்கள், ஜெசிந்தா ஆங்கில எழுத்தில் ‘பசி’ என்று வைத்திருந்தாள். அந்தப் பசி பிரதிக்குப் பிரதி தொற்றி, நூற்றுக்கணக்கான ஃபைல்களில் இருக்கிறது. நொய்டாவில் இருக்கும் டீம் அதை நாலு ஆங்கில வார்த்தைகளின் முதலெழுத்து என்று நினைத்து, அந்த நாலு வார்த்தைகளையும் தாங்களே கண்டுபிடித்து, அழகாக ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். யாரும் திருத்தவில்லை. ஒருத்தி என்றைக்கோ பசியோடு உட்கார்ந்து ஒரு வார்த்தையைப் போட்டாள், அவ்வளவுதான். அந்த மாதிரி ஒன்றே ஒன்று, தன்னிடமிருந்து வந்தது என்று சொல்ல ஒன்று, செண்பகவல்லிக்கும் வேண்டியிருந்தது. காலேஜில் ப்ராஜெக்ட் செய்தபோதும் சீனியரின் ப்ராஜெக்ட்தான், அட்டையை மட்டும் மாற்றினார்கள். வேலைக்கு வந்தால் ஒட்டுவேலை. இப்போது போதாக்குறைக்குக் கம்ப்யூட்டர் தானாக நீட்டும் அந்தச் சாம்பல் எழுத்துகள். நீ ஒரு வரியில் பாதி அடிப்பதற்குள் மீதி வரி சாம்பல் நிறத்தில் தானாக வந்து நிற்கும், இதைத்தானே சொல்ல வந்தாய் என்று. ஒரு விசையைத் தட்டினால் சாம்பல் வெள்ளையாகிவிடும், எழுதியாகிவிட்டது. கொடுமை என்னவென்றால், பெரும்பாலும் அவள் சொல்ல வந்தது அதுதான். தான் நினைக்கப்போவதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்கும் ஒன்றின் முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்வது என்னவோ போலிருக்கும் அவளுக்கு. வீட்டில் அம்மா பேச ஆரம்பித்ததும் அவள் முடிக்கும்முன் தானே முடித்துவிடுகிறாளோ என்றுகூடக் கவனிக்கத் தொடங்கியிருந்தாள். ஆனால் இந்தச் செய்திக்கான கணக்கை எழுதிய சனிக்கிழமை மட்டும் அப்படி இல்லை. ஆபீஸில் ஏசிகூடப் பாதிதான் ஓடியது, அவளும் தூரத்தில் ஒரு செக்யூரிட்டியும்தான், ஜன்னல் வழியாக மத்தியான வெயில் கீபோர்டில் விழுந்தது. காத்திருப்பவர்களுக்கு, எப்போது கூப்பிடுவோம் என்று கணித்துச் சொல்லும் வேலை அவளுக்கு. எல்லா ஆஸ்பத்திரிகளும் அதைத்தான் கேட்கின்றன, எல்லா சாஃப்ட்வேரும் அதைத்தான் சொல்கிறது, ஒன்றுகூடச் சரியாகச் சொல்வதில்லை, இருபது நிமிஷம் என்றால் இரண்டு மணி நேரம். அம்மாவின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. எப்போது கூப்பிடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. எதுவரை கூப்பிட மாட்டார்கள் என்று சொல்ல முடியும். அதைச் சொல்லிவிட்டு, அந்த வார்த்தையைக் காப்பாற்றினால் போதும். அவ்வளவுதானா என்று அவளுக்கே சந்தேகம், தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தாள், அவ்வளவுதான். அடிக்க ஆரம்பித்தாள். சாம்பல் எழுத்துகள் வந்தன, ‘கூப்பிடும் நேரம்’ என்றன, அவள் தள்ளிவிட்டு ‘கூப்பிடாத நேரம்’ என்று அடித்தாள். அடுத்த வரியிலும் அவை தப்பான பக்கமே இழுத்தன. அதற்கடுத்த வரியிலும். கன்றுக்குட்டி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் இழுப்பதுபோல, வரிக்கு வரி அது தோற்றது, வரிக்கு வரி அவள் சிரித்தாள், வாய்விட்டுச் சிரித்ததில் செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார். அந்த அரை மணிக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஜெசிந்தாவை நினைத்துக்கொண்டு ‘தண்ணி’ என்று வைத்தாள்.

அந்த சந்தோஷம் திங்கட்கிழமைவரை இருந்தது. திங்கட்கிழமை ரிவ்யூ. கண்ணாடி அறையில் வாசு அவள் எழுதியதைப் பெரிய திரையில் மேலிருந்து கீழே உருட்டினார். வாசு கெட்டவர் இல்லை, டீம் லீடர், இரண்டு குழந்தைகள், பிபி மாத்திரை போடுகிறவர். “ஐடியா நல்லா இருக்கே. எங்கேருந்து எடுத்தே?” என்றார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது, அங்கே அதற்கு எப்போதும் ஒரு பதில் உண்டு, அந்த ஃபைலிலிருந்து, இந்த சைட்டிலிருந்து. எங்கேயாவது ஏற்கெனவே ஓடியிருந்தால் நிம்மதி. போன மாதம் கூட வேலை பார்க்கும் ஷெரின் நானே எழுதினேன் என்று சொன்னபோது, “நீயேவா? வேற எங்கேயும் இல்லையா? அப்போ எடுத்துரும்மா, ரிஸ்க்” என்று சொல்லி நீக்கிவிட்டார், ஷெரின் அன்று சாப்பிடவில்லை. செண்பகவல்லி வாயைத் திறந்தாள். அதற்குள் வாசு திரையின் உச்சிக்குப் போய்விட்டார். “ஓ, ஜெசிந்தா எழுதினதா” என்றார். அவளும் மறந்திருந்தாள். வேறு எல்லாவற்றையும் வெறும் பக்கத்திலிருந்து எழுதியவள், தலைப்பு நாலு வரியை மட்டும் சோம்பேறித்தனமாகப் பழைய ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தாள். “தண்ணியாம் தண்ணி. இது அவங்க ஸ்டைல்தான். அந்தம்மா அப்பவே என்னென்னவோ யோசிச்சிருக்காங்க, நாமதான் பாக்கலை. நல்லவேளை நீ தேடி எடுத்தே, செண்பா. ஜெசிந்தாவோடதுன்னா ஓகே, போட்டுரலாம்.” அவ்வளவுதான், அடுத்த ஆளுடைய ஃபைல் திரைக்கு வந்துவிட்டது. ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எடுத்திருப்பார். எடுத்திருந்தால் இந்தச் செய்தி இன்று யாருக்கும் வந்திருக்காது. சொல்லாததால் வந்திருக்கிறது. அப்படியென்றால் சொல்லாததுதான் சரி, இதை அவள் அன்றிலிருந்து தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், பஸ்ஸில், குளிக்கும்போது, தோசை திருப்பும்போது, ஒவ்வொரு தரமும் சரியாகத்தான் வருகிறது, ஆனாலும் சட்டைக்குள் போன முடிபோல எங்கோ அறுக்கிறது. ஜெசிந்தா எங்கேயாவது ஓர் ஊரில் பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருப்பாள். அவளுக்கு இது தெரிந்தால் என்ன சொல்வாள்? இது நான் இல்லையே, யார் இவள் என்று கேட்பாளா? கேட்க வேண்டும் என்று இருந்தது. உலகத்தில் ஒருத்தியாவது இந்த ஃபைலைத் திறந்து, இது நான் எழுதியது இல்லை, இது வேறு கை என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று இருந்தது.

திரையில் எண் மாறியது, கூடம் முழுக்க ஒரு கழுத்துபோல நிமிர்ந்து தணிந்தது. பச்சைப் புடவை கணுக்காலை மாற்றிப் பின்னினாள். “போலாம்னு சொல்றான், அப்போ ஒரு தடவை போய்த்தான் பாரேன்” என்று பின்வரிசையில் முதல் குரல் சொல்ல, “ஏன், நீ போறதுதானே” என்றது இரண்டாவது, “எனக்கு அவசரமில்லப்பா” என்றது முதல் குரல், குரலிலேயே அவசரம் தெரிந்தது. அரை மணியில் கொஞ்சம் ஏற்கெனவே போய்விட்டது. போய்க்கொண்டே இருக்கிறது. செண்பகவல்லி அம்மாவின் கட்டைவிரலைப் பார்த்தாள். இங்கே நூறு பேருடைய கையில் தன்னுடைய வார்த்தை இருக்கிறது, ஆனால் யாரோ சொன்ன வார்த்தையாக இருக்கிறது, யாரோ சொன்னதை நம்பி யார் எழுந்திருப்பார்கள். அவளே எழுந்திருக்க மாட்டாள்.

“அம்மா, போயிட்டு வாயேன்.”

“எங்கிட்டு?”

“பாத்ரூமுக்குத்தான். அரை மணி நேரம் கூப்பிட மாட்டாங்களாம்ல.”

“எனக்கு ஒண்ணும் வரலட்டி.”

“வருது. எனக்குத் தெரியும்.”

அம்மா கட்டைவிரலைப் புடவைக் கரைக்குள் இழுத்துக்கொண்டாள். “ஒனக்கு வேற வேல இல்ல. போன தடவ மாதிரி ஆயிரும். பேசாம இரு.”

“ஆகாதும்மா. இடம் அப்படியே இருக்கும். அதான் மெசேஜ்ல போட்டிருக்குல்ல.”

“மெசேஜ்தான! கார் பரிசு விழுந்திருக்குன்னு கூடத்தான் மெசேஜ் வருது, கார் வந்து வாசல்ல நிக்குதாக்கும்.” பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் உற்சாகம் வந்து, குரலைக் கூட்டினாள். “எவன் ஒக்காந்து எழுதுனானோ. அவனுக்கென்ன, ஏசி ரூம்ல இருப்பான். இங்கன வந்து ஒரு நாளு ஒக்காந்து பாக்கட்டும்.”

கண்ணாடி அறை ஞாபகம் வந்தது, வாசுவின் விரல் உருட்டிக்கொண்டே மேலே போனது, உச்சியில் இருந்த பெயர். காது மடல் சூடாவது தெரிந்தது, முகம் சிவந்துவிட்டது, சிவக்கட்டும், இந்தத் தடவை எறிந்தது அவள்தானே. பின்வரிசையிலும் கேட்கும். கேட்கட்டும்.

“நான்தாம்மா எழுதுனேன்.”

“எத?”

“இந்த மெசேஜை. அரை மணி நேரம் கூப்பிடக் கூடாதுங்குற கணக்கை. எல்லாத்தையும் நான்தான் எழுதுனேன். எங்க ஆபீஸ்ல செஞ்சதுதான் அந்த ஸ்க்ரீன்ல ஓடுது.”

அம்மா அவளைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள், பிறகு போனை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், செய்தியை முதலிலிருந்து கடைசிவரை இன்னொரு தரம் உதடு அசையப் படித்தாள். படித்து முடிக்க வெகு நேரமானது. பத்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சையில் மகள் நூற்றுக்கு நூறு வாங்கி வந்த அன்று கேட்ட அதே குரலில், தணிந்த குரலில், கேட்டாள்.

“யாரையும் பாத்து எழுதலயே?”

“இல்லம்மா. நானேதான்.”

அம்மா தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி, அண்ணாந்து, மடக் மடக்கென்று பாதிக்கு மேல் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். போனையும் கைப்பையையும் ஃபைலையும் ஒன்றன்மேல் ஒன்றாக மகள் மடியில் வைத்துவிட்டு, காலால் செருப்பைத் துழாவி மாட்டிக்கொண்டு எழுந்து, வராந்தாவின் கோடியை நோக்கி நடந்தாள்.